அடுப்படியும் கிணற்றடியும்

பழைய வீடொன்றைப் புதுப்பிக்கப் புகுவோர் முதலில் எதனை இடிக்கின்றனர் என்பதைக் கவனித்துப் பாருங்கள். தலைவாசற் கதவின் சித்திர வேலைப்பாட்டில் எவரும் கைவைப்பதில்லை. விறாந்தைத் தூண்களுக்குப் புதிய மெருகு ஏறுகிறது. நாற்சாரின் ஓடுகளை மாற்றி, எங்கோ கிடந்த சாய்மனைக் கதிரையைத் தேடி வாங்கி அங்கே போடுவர். ஆனால் புகை படிந்த குசினியும் வேலியோரத்து மலசலகூடமும் மேசன் வந்த முதல் நாளே அலவாங்குக்கு இரையாகின்றன.

இந்த விருப்பத்திற் பிழை ஏதுமில்லை. புகையை விரும்பி மூச்சிழுப்பவர் எவருமிலர். எனினும் வரலாறு பயில்வோர் இங்கே ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். ஒரே காலத்தில், ஒரே உடைமையாளரின் பணத்திற் கட்டப்பெற்ற வீடு அது. அதன் முன்புறம் மூன்று தலைமுறை கடந்தும் கண்ணுக்கு இனிதாக நிற்கிறது. பின்புறம் மட்டும் மனிதர் புழங்கத் தகாத இடமாக ஏன் அமைந்தது? கொத்தனுக்குக் கைத்திறன் போதாமலா? அன்று. முன்புறத்தில் அமர்ந்திருந்தவர் ஒருவர். பின்புறத்தில் உழைத்தவர் வேறொருவர். வீட்டின் முகப்பு அதன் உடைமையாளர் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை. அடுப்படியும் கிணற்றடியும் அவர் சொல்லாது விட்ட கதை.

அச்சொல்லாத கதையை வடபுலத்து வீடுகளின் வழியே தொடர்ந்து சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நமது பயணம் முள்ளிவாய்க்காலில் முடியும். அங்கே புதுப்பிப்பதற்குப் பழைய வீடு எதுவும் எஞ்சவில்லை. அதனாலேயே அடுப்படியைப் பற்றிய வினா அங்கு மிகக் கூர்மையாக எழுகிறது.

*

கல்வெட்டுகள் சொல்லாதனவற்றைச் சில வேளைகளிற் சொற்கள் சொல்லிவிடும். ஈழத்துத் தமிழர் வீட்டினுள் நுழைந்தால் விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி என்று போர்த்துக்கேயச் சொற்கள் வரிசையாக நம்மை எதிர்கொள்கின்றன. சமையலறையின் பெயராகிய குசினியும் போர்த்துக்கேயம் தந்ததே. வீட்டை இடிக்கும் அலவாங்கும் அப்படியே. கக்கூசு என்ற சொல் மட்டும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1658ஆம் ஆண்டில் அது ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகளின் மாற்றத்தை நமது வீட்டின் அறைகளே நினைவில் வைத்திருக்கின்றன.

ஆனால் சொற்கள் வந்த வேகத்தில் வசதிகள் வரவில்லை. காலிக் கோட்டையை எண்ணிப் பாருங்கள். 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த அக்கோட்டையின் சிறப்புகளுள் ஒன்று, ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் அமைத்த நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய். கடல்நீரைப் பாய்ச்சி அதனைக் கழுவினர். நீரை ஏற்றுவதற்குக் கொத்தளம் ஒன்றின்மீது காற்றாலை நிறுவியிருந்தனர். நகரத்தின் கழிவை மனிதக் கை தொடாமல் அகற்றும் முறையை ஆண்டவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலப்படும். அந்த அறிவு கோட்டை மதிலோடு நின்றுவிட்டது. மதிலுக்கு வெளியே வந்தது கக்கூசு என்ற சொல் மட்டுமே.

வீட்டைக் கட்டும் உரிமையும் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679ஆம் ஆண்டில் தப்பிக் காட்டுவழியே அரிப்புக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ். அவர் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அங்குள்ள குடிமக்கள் வீட்டுக்கு ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டவோ அனுமதிக்கப்படவில்லை என்று பதிவு செய்தார். பழைய வீடுகள் என்று இன்று நாம் போற்றுபவை பெரும்பாலும் ஓடும் சுண்ணாம்பும் வாய்த்த சிலரின் வீடுகளே என்பதை இந்த ஒரு செய்தி உணர்த்தும்.

*

யாழ்ப்பாணத்து வசதி படைத்தோரின் நாற்சார் வீட்டில், நடு முற்றத்தைச் சூழ விறாந்தைகளும் அறைகளும் அமைந்தன. குசினி பெரும்பாலும் பெருவீட்டிலிருந்து ஒதுங்கியே நின்றது. இதற்குத் தக்க காரணமும் இருந்தது. கிடுகும் பனையோலையும் வேய்ந்த காலத்தில் ஒரு தீப்பொறி வீட்டையே அழித்துவிடும். புகை கூரையிற் படிந்தால் பூச்சி அண்டாது. பறணில் வைத்த விதையும் கெடாது. ஆகவே முன்னோர் அறியாமையால் இவ்வாறு கட்டினர் என்று முடிவு கட்டிவிடலாகாது.

ஆனால் கூரை ஓடாக மாறியது. சுவர் கல்லாக மாறியது. தீயின் அச்சம் குறைந்த பின்னரும் குசினியின் யன்னல் பெரிதாகவில்லை. அடுப்பு நிலத்தைவிட்டு எழவில்லை. பெண் குந்தியிருந்து ஊதினாள். பொச்சும் சிரட்டையும் தென்னம்பாளையும் காவோலையும் எரிந்து எழுப்பிய புகை, ஓட்டிடுக்கு வழியே வெளியேறுமுன் அவள் நெஞ்சினுள் நுழைந்து திரும்பியது. அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் அவள் முழங்காலையும் முதுகையும் கேட்டன. தீட்டு நாட்களில் அந்தக் குசினிக்குள் அவள் நுழையலாகாது. மற்றைய நாட்களில் அதைவிட்டு அவள் வெளியேறலாகாது. சமையற் புகையாலும் அதுபோன்ற வீட்டுப் புகையாலும் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கண்ணெரிச்சல் என்றும் இருமல் என்றும் நம் தாய்மார் பொறுத்துக்கொண்டது இந்தக் கணக்கினுள் அடங்கும்.

குசினியிலிருந்து நாலடி நடந்தாற் கிணற்றடி. துலா மிதித்து, பட்டையில் நீரிறைத்து, தோட்டத்துக்குப் பாய்ச்சிய உழைப்பாளியின் கைபட்ட நீரிற் புகையிலை வளர்ந்தது. அந்தப் புகையிலைப் பணத்தில் வீடு எழுந்தது. ஆயினும் அவன் பஞ்சமனாயின், வீட்டுக் கிணற்றில் நீரள்ளும் உரிமை அவனுக்கு இல்லை. எவரேனும் மனமிரங்கி ஊற்றும்வரை அவன் மனைவி குடத்தோடு காத்துநிற்க வேண்டும். குடிக்கக் கொடுப்பின் சிரட்டையிற் கொடுப்பர். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். யாழ்ப்பாணத்தில் நீர் என்பது வெறும் நீராக இருந்ததில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருக்க, கோயிற் கதவையும் தேநீர்க் கடையையும் திறப்பதற்கு 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

கிணற்றடிக்கும் அப்பால், வேலியின் கோடியில் இருந்தது கக்கூசு. நகரப் புறத்தில் அது வாளிக் கக்கூசாக இருந்த காலத்தில் அதற்கு இரு வாயில்கள் இருந்தன. வீட்டை நோக்கிய வாயில் வீட்டாருக்கு உரியது. பின் ஒழுங்கையை நோக்கிய சிறு கதவு, விடியுமுன் வந்து வாளியைத் தலையிற் சுமந்து செல்லும் தொழிலாளிக்கு உரியது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி அமைத்த அந்த இரு கதவுகளையும்போலச் சாதியமைப்பைத் தெளிவாக வரைந்து காட்டிய கட்டடக் கலை வேறில்லை. அத்தொழிலுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் நகரங்களின் ஓரத்தில் வாழ்கின்றனர். 1901ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் காந்தியடிகள் தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்ததை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். ஆயினும் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க இந்தியப் பாராளுமன்றம் 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அது போதாமையால் 2013ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்ற நேர்ந்தது. துடைப்பம் கைமாறுவது எளிது. வீட்டின் அமைப்பு மாறுவது கடினம்.

அவ்வமைப்பை மாற்றியது ஒரு சிறிய பொருள். கையளவு நீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவு ஒன்றும், அதன் பின்னே ஒரு குழியும் போதும். வாளியும் வேண்டியதில்லை, வாளி சுமப்பவரும் வேண்டியதில்லை. இந்த நீரடைப்பு முறை வீடுதோறும் பரவியமை நம் நாட்டின் சுகாதார வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம். அதன் தொடக்கத்தையும் மறத்தல் தகாது. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையிற் கால்வைத்த இடம் தோட்டப்புறம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஒரு குடும்பம். அதன் முன்திண்ணையே குசினி. மலங்கழிக்கத் தேயிலைச் செடியின் மறைவு. இந்நிலையில் இரத்தம் குன்றிய தொழிலாளியாற் கொழுந்து குறைந்தபோதுதான் மலசலகூடத்தின் அவசியம் முதலாளிகளுக்குப் புலனாயிற்று. பின்னர் 1931ஆம் ஆண்டில் வாக்குரிமை வந்தது. இலவசக் கல்வி வந்தது. ஊர்தோறும் மருத்துவமாதும் சுகாதாரப் பரிசோதகரும் வந்தனர். மக்கள் கேட்கத் தொடங்கிய பின்னரே மலசலகூடம் இலாபக் கணக்கிலிருந்து விடுபட்டு உரிமைக் கணக்கில் ஏறியது.

*

இனி வன்னிக்கு வருவோம். வன்னி யாழ்ப்பாணம் அன்று. 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வீரக்கதையை நாம் அறிவோம். அவன் குடிமக்களின் வீடுகள் எப்படி இருந்தன என்று எவரும் கேட்பதில்லை. களிமண் சுவர், இலுக்குப் புல்லோ ஓலையோ வேய்ந்த கூரை, சாணமிட்டு மெழுகிய தரை. குளமே கிணறு, குளக்கட்டே குளியலறை, பற்றைக் காடே மலசலகூடம். 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய பெருநூல், ஊர்களையும் குளங்களையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. காடும் காய்ச்சலும் மனிதரை எண்ணிக்கையிற் குறைத்து வைத்திருந்த நாடு அது. இரணைமடுக் குளமும், அதன்பின் 1940களின் நடுவில் வந்த டி.டி.ரி. மருந்தும் அந்நாட்டைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் நிலமற்றோர் வந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழரும் வந்து, லயத்து அறையின் நினைவோடு காட்டை வெட்டி மண்வீடு கட்டினர்.

மண்வீடு எந்தத் தொல்பொருட் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஏனெனில் அது ஒருபோதும் பழையதாவதில்லை. கூரை சில ஆண்டுக்கொருமுறை புதிதாக வேயப்படுகிறது. தரை வாரந்தோறும் மெழுகப்படுகிறது. தை பிறக்குமுன் அடுப்பு புதிதாகப் பிடிக்கப்படுகிறது. இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அந்த அடுப்பைப் பிடித்தவர் யார்? பெண். களிமண்ணைத் தேர்ந்து, வைக்கோல் கலந்து, பிசைந்து, பானையின் அகலத்துக்கும் தன் கையின் நீளத்துக்கும் ஏற்ப அவளே அமைத்தாள். இடம் ஒவ்வாவிடில் அடுத்த மாதமே இடித்து வேறிடத்தில் வைத்தாள். காற்றுத் திசைக்கேற்ப ஓலைத் தட்டியை மாற்றிக் கட்டினாள். வறுமை அவளிடமிருந்து பலவற்றைப் பறித்திருந்தது. ஆனால் தன் அடுப்படியை மாற்றியமைக்கும் அதிகாரத்தைப் பறிக்கவில்லை.

சீமெந்து வந்தபோது அது கைமாறியது. சீமெந்து உறுதியானது, மழைக்குக் கரையாது, பாம்புக்கும் எலிக்கும் புற்றமையாது. அதனை வேண்டாமென்று சொல்பவன் மக்கட் பகைவனாவான். ஆயினும் சீமெந்துக்கு மேசன் வேண்டும். மேசனுக்குக் கூலி வேண்டும். கூலிக்குக் கடன் வேண்டும். கடனுக்கு எவரோ ஒப்புக்கொண்ட வரைபடம் வேண்டும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் அடுப்பின்முன் நிற்பவள் இல்லை. ஒருமுறை இறுகிய பிழை ஆயுள் முழுவதும் இறுகியே கிடக்கிறது.

*

இது வன்னிக்கு மட்டும் உரிய சிக்கலன்று. உலகத் தொழிலாளர் வீடுகள் அனைத்திலும் எழுந்த சிக்கலே. அகஸ்ட் பேபல் 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பெண்ணும் சோசலிசமும்' என்ற நூலில், தனித்தனிச் சமையலறையிலிருந்து பெண் விடுபடாதவரை அவளுக்கு முழு விடுதலை இல்லை என்று வாதிட்டார். புரட்சிக்குப் பின்னரும் வீட்டுச் சில்லறை வேலைகள் பெண்ணை நசுக்கிக்கொண்டிருப்பதை 1919ஆம் ஆண்டில் லெனின் சுட்டிக்காட்டினார்; பொது உணவகமும் குழந்தைக் காப்பகமும் அதற்கு மாற்று என்றார்.

பேச்சோடு நில்லாது சமையலறையையே அளந்து பார்த்தவர் மார்கரேட் ஷூட்டே-லிகொட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி. 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரம் தொழிலாளருக்குக் குடியிருப்புகள் கட்டியபோது, பெண் ஒருத்தி அடுப்பிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து மேசைக்கும் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ ஆறரையடிக்குப் பதினொரு அடி அளவில் ஒரு சமையலறையை வகுத்தார். அதுபோன்று ஏறத்தாழ 10,000 சமையலறைகள் அந்நகரில் அமைந்தன. இன்று உலகெங்கும் விற்கப்படும் நவீன சமையலறையின் மூத்த தாய் அதுவே. அதை வகுத்தவர் கம்யூனிஸ்டாகி, நாசிகளை எதிர்த்து இரகசியமாகப் பணியாற்றி, 1941ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டுவரை சிறையில் இருந்தார் என்பதை விற்பவர்கள் விளம்பரத்திற் சொல்வதில்லை. அவரது சமையலறையும் குறையற்றதன்று. நடையைக் குறைத்த அந்தச் சிற்றறை, பெண்ணை அதனுள்ளே தனிமைப்படுத்தியும் விட்டது. ஒருவருக்கென அளந்த இடத்தில் உதவிக்கு இன்னொருவர் நிற்க இயலவில்லை. இக்குறையைப் பிற்காலப் பெண்ணியலாளர் எடுத்துக்காட்டினர்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. ஹைதராபாத் பொறியியலாளர் எஸ். பி. ராஜு 1953ஆம் ஆண்டில், கோடிக்கணக்கான ஏழைகளுக்குப் புகையற்ற சமையலறை அமைப்பது எவ்வாறு என்று ஒரு சிறு நூலே எழுதினார். களிமண்ணால் மூடிய அடுப்பும் ஒரு புகைக்குழாயும் அவரது விடை. இலங்கையில் 1980களில் உருவான அனகி என்ற மண் அடுப்பு, ஒரே நெருப்பில் இரு பானைகளை ஏற்றி விறகை மிச்சப்படுத்தியது. இவற்றின் விலை சொற்பம். எனினும் வீட்டு வரைபடம் கீறுவோரின் மேசைக்கு இவை அதிகம் ஏறவில்லை.

*

இப்போது முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், இடையே ஒடுங்கிய மணல் நிலம். பனையும் தென்னையும், வலையும் வயலுமாக வாழ்ந்த மக்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. கட்டியெழுப்பிய சிறிதும் 2009ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில் இலட்சக்கணக்கான மக்கள் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டு இந்த மணற் பட்டைக்குள் நெருக்கப்பட்டனர். தறப்பாளே கூரை, பதுங்குகுழியே வீடு. அடுப்பு என்றால் மணலில் மூன்று கல். கடற்கரையே கழிப்பிடமாயிற்று, பெண்கள் இருளுக்காகக் காத்திருந்தனர், இருளிலும் எறிகணைக்கு அஞ்சியவாறு. அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்குப் பிள்ளைகள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றனர். மே 18ஆம் நாள் எல்லாம் முடிந்தது. இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என 2011ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு தெரிவித்தது. உயிர் பிழைத்தோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டு, மலசலகூட வரிசையிலும் தண்ணீர் வரிசையிலும் நின்றனர். மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே.

அதே 2009ஆம் ஆண்டில் கொழும்பில் வேறொரு வீட்டின் கதை தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய முற்றத்து வீடு விற்கப்பட்டு இடிபடவிருந்தது. மரபுரிமை ஆர்வலர் அதைக் கழற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் எண்ணிட்டு, லுணுகங்கைக்குக் கொண்டுசென்று சில ஆண்டுகளில் மீண்டும் எழுப்பினர். அது நற்பணியே, அவர்களைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு நாட்டில் ஒரே ஆண்டில் ஒரு வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் எண் கிடைத்தது; மற்றோரிடத்தில் மாண்ட மனிதருக்கும் எண் கிடைக்கவில்லை. எது மரபுரிமை, எவருடையது மரபுரிமை என்ற கேள்வியை இதைவிட நேராக எவரும் கேட்டுவிட இயலாது.

மீள்குடியமர்ந்தோருக்கு வீடுகள் வந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், 2012ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகள் தாமே வீடு கட்டிக்கொள்ள வீட்டுக்கு ரூபா 5,50,000 கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி; இரு அறை, ஒரு கூடம், ஒரு குசினி, ஒரு மலசலகூடம். தறப்பாளிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரும் பேறு. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். எனினும் பொருள்களின் விலை ஏற, தொகை ஏறவில்லை. வீட்டை முடிக்க நகை அடகுக்குச் சென்றது. வட்டிக் கடன் வாசலுக்கு வந்தது.

அவ்வீடுகளின் பின்புறம் சென்று பாருங்கள். பல வளவுகளில், சீமெந்துக் குசினி இருக்கவே, அதற்குச் சற்று அப்பால் ஓலையும் தகரமும் கொண்டு வேய்ந்த சிறு கொட்டில் ஒன்று நிற்கும். உள்ளே மண் அடுப்பு, பக்கத்தில் விறகு. அதிகாரிகள் இதைக் கண்டு, இம்மக்களுக்கு நவீன வாழ்க்கை பழகவில்லை என்பர். உண்மை வேறு. சிறிய யன்னலும் தாழ்ந்த கூரையும் கொண்ட மூடிய அறையில் விறகெரித்தால் புகை படுக்கையறைக்குட் புகும்; வெள்ளைச் சுவர் ஒரு மழைக்காலத்திற் கறுத்துவிடும். வரைபடம் கீறியவர் எரிவாயுவை எண்ணிக் கீறினார்; அவளிடம் இருந்தது விறகு. ஆகவே அவள் திட்டத்தைத் திருத்தினாள். அந்தக் கொட்டில் பழைமைப் பற்றன்று. பறிபோன அதிகாரத்தை அவள் தன் கையால் மீட்டெடுத்த இடம்.

இந்தப் பாடத்தைத் திட்டமிடுவோர் எளிதிற் கற்கவில்லை. 2015, 2016ஆம் ஆண்டுகளில் 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று ஏறத்தாழ ரூபா 21 இலட்சம் விலையில், வடக்கிலும் கிழக்கிலும் பொருத்தும் யோசனை ஒன்று முன்வந்தது. வெப்பமும் துருவும் மட்டுமன்றி, விறகடுப்புக்கு அதில் இடமில்லை என்பதும் குறையாக எடுத்துக்காட்டப்பட்டது. மக்களும் பொறியியலாளரும் ஆய்வாளரும் எழுப்பிய எதிர்ப்பினால் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஓர் அடுப்பு ஒரு பன்னாட்டுக் கம்பனியின் கணக்கைக் குழப்பிற்று என்று இதனைச் சொல்லலாம்.

கொட்டிலைக் கட்டிய பெண்ணின் முன்யோசனையைத் தலைநகரமே ஒருநாள் உணர நேர்ந்தது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரூபா 1,493 ஆக இருந்த 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ரூபா 4,860 ஆயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. பழைய வீடுகளின் குசினியை இடித்து, பளிங்கு மேசையும் பலகைப் பெட்டிகளுமாகப் புதுப்பித்தவர்கள் மண்ணெண்ணெய்க்கும் விறகுக்கும் அலைந்தனர். விறகு கிடைத்தாலும் எரிப்பதற்கு அவ்வீடுகளில் இடமில்லை. வன்னியில் கொட்டிலின் அடுப்பு வழக்கம்போல எரிந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. பெரும்பான்மையோரின் அடுப்பை மறந்து வரையும் வரைபடத்தை நவீனம் என்பது எவ்வாறு பொருந்தும்?

*

அப்படியாயின் புகையைப் போற்றிக் காக்க வேண்டுமா? அன்று. கொட்டிலின் சுதந்திரம் வேண்டும். கொட்டிலின் புகை வேண்டா. இரண்டையும் பிரித்தெடுப்பதே நம் காலத்தின் பணி. யாழ்ப்பாணத்து நாற்சாரைப் புதுப்பித்தாலும் முள்ளிவாய்க்காலின் 550 சதுர அடியைத் திருத்தினாலும் செய்ய வேண்டியவை அரியனவல்ல. அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். அதன்மேல் கூரையைக் கடந்து எழும் புகைக்குழாய் ஒன்று வையுங்கள். எதிரெதிரே இரு யன்னல் திறவுங்கள். இருவர் நின்று வேலை செய்ய இடம் விடுங்கள். அந்த இருவரில் ஒருவர் ஆணாகவும் இருக்கட்டும். கரையோர மணலில் நீர் சில அடியிலேயே ஊறும். குழியின் அழுக்கும் அவ்வளவு விரைவாகவே கிணற்றை அடையும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையிலும் இதுவே நிலை. மலக்குழியைக் கிணற்றிலிருந்து ஐம்பதடியேனும் தள்ளி, இயன்றால் அடிமூடிய தொட்டியாக அமையுங்கள். போரிற் காலிழந்தோர் வாழும் நாடு இது. மலசலகூட வாயிலிற் படிக்குப் பதில் சாய்தளமும், உள்ளே அமரும் பீங்கானும், பிடித்தெழக் கம்பியும் எவரும் கேட்குமுன்னரே இருக்க வேண்டியவை. தொட்டி நிறைந்தால் அதை அள்ளவரும் தொழிலாளியையும் நினையுங்கள். அவருக்குக் கையுறையும் இயந்திரமும் நியாயமான சம்பளமும் கிடைக்காதவரை வாளி ஒழிந்துவிட்டதாக நாம் பெருமை கொள்ள இயலாது.

இவை யாவற்றுக்கும் மேலானது ஒன்று. வரைபடத்தைக் கீறுமுன் அடுப்பின்முன் நிற்பவளைக் கேளுங்கள். அவள் முந்தைய தை மாதங்களில் எத்தனையோ அடுப்புகளைப் பிடித்து உடைத்துத் திருத்தியவள். எந்தக் கட்டடக் கல்லூரியும் தராத பட்டறிவு அவள் கையில் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பழைய வீடுகளைப் பதிவு செய்யப் புறப்படும்போது தலைவாசலிற் படம் பிடித்துத் திரும்பிவிடாதீர்கள். குசினியின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். கிணற்றில் நீரள்ளியவர் யார், அள்ளவிடாது தடுக்கப்பட்டவர் யார் என்று முதியோரைக் கேளுங்கள். பின் ஒழுங்கையின் சிறு கதவு அடைபட்ட தடம் மதிலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு இடிந்துபோன ஊரில், அடுப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். எவருக்கும் அது மறந்திராது.

ஆண்டுதோறும் மே மாதம் வரும்போது தமிழர் ஊர்களின் சந்திகளில் மூன்று கல் வைத்து, பெரும் பானையில் அரிசியும் நீரும் உப்புமிட்டுக் கஞ்சி காய்ச்சி, வருவோர் போவோர்க்கெல்லாம் சிரட்டையில் வார்க்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் சம்பூரில் அக்கஞ்சியை வார்த்தமைக்காகப் பெண்கள் கைதாயினர். ஒருகாலத்தில் சாதியின் இழிவாக நீட்டப்பட்ட அதே சிரட்டை, இன்று எல்லார் கைக்கும் ஒன்றாகவே வருகிறது. கூரையும் சுவரும் இல்லாத அந்த அடுப்படியே முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடு. அதனை எவராலும் இடிக்க இயலவில்லை.